முதுகு காட்டிப் பேசுகிறவர்கள்

அந்த அரங்கில் அவளை எல்லோரும் வரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள், ஏதோ வரி வசூலிக்கிற அலுவலகத்து அம்மா போலிருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பார்கள். அவள் வேலை வேறு. வெளிநாட்டுப் படங்களில் பேசுவதையெல்லாம் நம் மொழியில் எழுதி, படம் ஓடும்போது திரைக்குக் கீழே இருக்கும் நீளப் பலகையில் வரிவரியாக வரவைப்பாள். ஆபரேட்டர் அறையில் ஒரு மடிக்கணினி, ஒரு முக்காலி, அவ்வளவுதான் அவளுடைய அலுவலகம். திரையில் ஒருவர் வாய் திறக்கும்போது விசையை அழுத்தினால் வரி வரும், பேசி முடித்ததும் அழுத்தினால் போகும். ஒரு படத்துக்கு எண்ணூறு வரி, தொள்ளாயிரம் வரி. அரை நொடி முந்தினால் ரகசியம் உடைந்துவிடும். ஒரு நொடி பிந்தினால் சிரிப்பு செத்துவிடும். பத்தொன்பது வருஷமாக அவள் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

திரைப்படச் சங்கம் ஆண்டுதோறும் மழை மாதங்களில் ஆறு வாரம், சனி ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு, கிழக்காசிய, தென்கிழக்காசியப் படங்களைத் திரையிடும். கொரியா, ஜப்பான், தைவான், தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ் என்று சமீபத்தில் வந்த பன்னிரண்டு படங்கள். அரங்கத்தில் அதற்கு 'கிழக்குப் படங்கள்' என்று பெயர். வரியக்காவுக்கு வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பிழைப்பு. அந்த ஆறு வாரம்தான் வாழ்க்கை. அந்த மொழிகளில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆங்கில வசனப் பட்டியலைப் பார்த்துத்தான் மொழிபெயர்ப்பாள். ஆனால் எந்த மொழி எங்கே மூச்சு வாங்கும், எந்த வாக்கியம் வால் நீட்டி முடியும், எந்தப் பெண் பேசுவதற்கு முன்னால் எச்சில் விழுங்குவாள் என்பதெல்லாம் அவள் காதுக்கு அத்துப்படி.

அந்தக் காதுதான் அவளைக் கைவிட்டது.

முதலில் கண்டுபிடித்தவர் அவள் கணவர். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, முழங்கால் போய் ஓய்வு பெற்றவர். எட்டு மாடிக்கு மேலே மோட்டார் முனகுவதைத் தரைத்தளத்தில் நின்று கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் காலிங்பெல் இரண்டு முறை அடித்தும் அவள் திரும்பாததை மூன்று நாள் கவனித்தார். நான்காம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உனக்குக் காது கேக்கலையா, இல்ல என் மேல கோவமா? கோவம்னா சொல்லிடு, அது பழகினதுதான்."

"ரெண்டும் இல்லைங்க. ஏதோ யோசனை."

"மூணு நாளாவா?"

மருத்துவமனையில் அவளை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் மாட்டுகிற கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அவள் அழுத்தினாள். வெளியிலிருந்த பரிசோதகர் பெண் கதவைத் திறந்து, "அம்மா, நான் சத்தமே குடுக்கல. நீங்களா அழுத்துறீங்க" என்றாள். மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை அவள் வெகுநேரம் அழுத்தாமல் காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் விரல் குமிழைத் திருகிக்கொண்டே போவதைப் பார்த்தாள். அந்த விரல் எவ்வளவு தூரம் திரும்பியது என்பதிலிருந்தே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. டாக்டர் வளைத்துப் பேசவில்லை. இரண்டு பக்கமும் நரம்பு. கருவி மாட்டினால் சத்தம் வரும், தெளிவு வராது. இன்னும் இறங்கும்.

கிழக்குப் படங்கள் தொடங்க ஐந்து வாரம் இருந்தது. காது ஓரளவு கேட்டபோதே பன்னிரண்டுக்கும் வரிகளை எழுதி முடித்திருந்தாள், விசை அழுத்துவதுதான் பாக்கி. சங்கத்தில் சொல்லவில்லை. உதட்டைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று பன்னிரண்டு படங்களையும் வீட்டில் மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். அங்கேதான் இடி விழுந்தது. வேறு தேசத்துப் படமென்றால் ஆட்கள் முகத்துக்கு நேரே கத்துவார்கள். இந்த இயக்குநர்கள் கேமராவைத் தெருக்கோடியில் வைத்துவிடுகிறார்கள். பேசுகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள், இருட்டில் படுத்துக்கொண்டு பேசுகிறார்கள், நான்கு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு முதுகைக் காட்டியபடி ஒரு வார்த்தை முணுமுணுக்கிறார்கள். இத்தனை வருஷம் அவள் உருகி உருகி ரசித்தது அந்த முதுகுகளைத்தான். இப்போது பன்னிரண்டு படத்தில் ஒன்பது அவளுக்குச் சுவராக நின்றது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டைத் தள்ளிவிட்டு அழுததைப் பார்த்து கணவர்தான் வழி சொன்னார். அவள் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு வார்த்தையாக.

"நான் அந்த ரூமுக்குள்ள வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். எவனாவது வாயத் தொறந்தா உன் தோள்ல தட்டறேன். அவ்வளவுதானே?"

"உங்களுக்கு இந்தப் படம்லாம் பிடிக்காதே."

"படத்தை யார் பாக்கப் போறா? காதை மட்டும் குடுக்கறேன்."

சங்கச் செயலாளரிடம், மாடிப்படி ஏற ஒரு துணை வேண்டியிருக்கிறது என்று சொன்னாள். முழங்கால் போனவரைத் துணைக்கு அழைத்து வருகிறாளே என்று அவர் யோசித்திருக்கலாம், கேட்கவில்லை. ஆபரேட்டருக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அவர் இன்னொரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டதோடு சரி.

எட்டுப் படங்கள் நல்லபடியாகவே போயின. அவர் தட்டுவதற்கும் அவள் அழுத்துவதற்கும் நடுவே இடைவெளியே இல்லாத மாதிரி பழகிவிட்டது. முதல் வாரம் அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார் என்று பின்னால் ஆபரேட்டர் சொன்னார். "என்னய்யா இது, கேமராவ வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்களா?" என்பாராம். மூன்றாவது வாரம் முணுமுணுப்பு நின்றது. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் பக்கம் திரும்பி, "அந்தத் தம்பிகாரன் கடைசியில ஊருக்குப் போயிருப்பானா?" என்று கேட்டார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் இருக்கிற ஆபத்து அப்போது தெரியவில்லை.

ஒன்பதாவது படத்துக்கு அதை எடுத்த பெண்ணே தீவுகள் நிறைந்த தன் நாட்டிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கப்பலில் வேலை பார்த்தவன் வருஷங்கள் கழித்து வீடு திரும்புகிறான். மனைவிக்கு நினைவு போய்விட்டது. அவனை யாரென்று தெரியவில்லை. இருவரும் சமையலறை மேஜையில் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழு நிமிஷம், ஒரே காட்சி. தன் கணவன் எப்படிப்பட்டவன், எப்போது வருவான் என்று அவள் அவனிடமே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருபத்தாறு வரி.

நான்கு தட்டல் வந்தது. அப்புறம் வரவில்லை.

வரியக்கா காத்திருந்தாள். இந்த மாதிரிப் படத்தில் நிசப்தம் நீளும்தான். வீட்டில் பார்த்தபோது இங்கே இவ்வளவு நேரமா என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. திரையில் அந்தப் பெண்ணின் தோள் லேசாக அசைந்தது. அழுகிறாள் என்று நினைத்தாள். பலகை கறுப்பாகவே இருந்தது. கீழே ஒரு தலை திரும்பி மேலே பார்த்தது, பிறகு ஐந்தாறு தலை. அவள் பக்கத்தில் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் கொட்ட, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்ட வேண்டிய கை அங்கே இருந்தது.

பதறிப்போய் அழுத்தினாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அழுத்தினாள். விட்ட வரிகளைப் பிடிக்க அழுத்தியது, தாண்டி ஓடிவிட்டது. மனைவி கேட்பதற்கு முன்னால் கணவனின் பதில் வந்தது. பயந்து கையை எடுத்தாள், வரிகள் மறுபடி பின்தங்கின. 'நான்தான் அது' என்ற வரி, அடுத்த காட்சியில் ஒரு நாய் வாசலைத் தாண்டும்போது அதன் காலடியில் வந்து நின்றது. அரங்கமே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு கேட்கவில்லை. இருட்டில் தோள்கள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

படம் முடிந்ததும் செயலாளர் மேலே வந்தார். கோபக்காரர் இல்லை, அதுதான் கொடுமை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தபடி கேட்டுவிட்டு, அவளுக்குப் புரியட்டும் என்று மெதுவாகப் பேசினார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

அவர் அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். "படத்தை எடுத்த பொண்ணு ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு. உங்ககிட்ட மறைக்கறது சரியில்ல. அந்த ஏழு நிமிஷத்துக்காகத்தான் படத்தையே எடுத்தேன்னு சொல்லிச்சு."

அவள் தலையாட்டினாள். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். அந்த இருபத்தாறு வரிகளை மட்டும் பதினொரு நாள் எழுதி எழுதி அடித்திருந்தாள்.

மீதி மூன்று படங்களுக்கு வேறொருவர் வந்து விசையை அழுத்தினார். கோப்புகளை அவளே அனுப்பிவைத்தாள்; எங்கே மூச்சு, எங்கே இருமல், எங்கே ஏமாற்றும் நிசப்தம் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதிக் கொடுத்தாள். அடுத்த ஆண்டு முதல் வரிகள் படத்திலேயே பதித்து வரும், யாரும் உட்கார வேண்டியதில்லை என்று கடிதம் வந்தது. அவளைத் தொடர்ந்து மொழிபெயர்க்கச் சொல்லியும் அதில் ஒரு வாக்கியம் இருந்தது. கேட்காத பேச்சை எப்படி எழுதுவது? ஒரு படத்தை எடுத்து வைத்து முயன்று பார்த்தாள். வார்த்தை வந்தது. யாருடைய குரலும் வரவில்லை. மூடிவைத்தாள்.

கணவர் முதலில் தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தார். "எட்டுப் படம் ஒழுங்கா இருந்தேன், அந்த ஒரு நிமிஷம் புத்தி கெட்டுப் போச்சு" என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். அவள் அவரைக் குறை சொல்லவில்லை. இந்த மாதிரிக் காட்சியில் அழாத ஆளோடு முப்பது வருஷம் வாழ்ந்திருக்கிறோமோ என்று பயந்த காலம் ஒன்று அவளுக்கு இருந்தது. அழுத நாளிலேயே எல்லாம் போயிற்று, அதற்கு யாரைப் போய் நொந்துகொள்வது.

கடைசிப் படத்துக்கு இரண்டு அனுமதிச் சீட்டு வந்திருந்தது. அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கதவருகே தயங்கி நின்றார், பிறகு போனார்.

ஆறரைக்கு நனைந்தபடி திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. குடையை மூலையில் வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தார். அவள் வரி வரியாக எழுதிய படம்தான். அவர் வேகமாகச் சொன்னார், கையை ஆட்டினார், சிரித்தார், தலையைக் குனிந்து ஈரக் காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். மூன்றில் ஒரு வார்த்தை பிடிபட்டது. மருமகள், ரயில், மறுபடி ரயில். அவர் சொல்லும் கதை அவள் எழுதிய கதை மாதிரியே இல்லை. திருத்த நினைத்தாள். எங்கிருந்து திருத்துவது என்று தெரியவில்லை.

நடுவில் அவர் நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"ம்" என்றாள்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. அவர் கேட்டது ஏதோ கேள்வி போலிருக்கிறது. 'ம்' என்று பதில் சொல்ல முடியாத கேள்வி. அவள் அவர் உதட்டையே பார்த்துக் காத்திருந்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை. எழுந்து போய் ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, டிவியைப் போட்டார். சுவரில் நீல வெளிச்சம் ஆடியது.