அடுத்தவன் பேரில் ஓடிய பந்தயம்

ஹாய்ட் சைஸ்மோருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே வேலைதான். கார்ப் பந்தய உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டிகள் வந்து நின்று டயர் மாற்றிக்கொண்டு போகிற பிட்டின் சுவரோரமாக நிற்பது. வண்டிக்குள் இருக்கிறவனுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவன் ஏறி ஓட்ட வேண்டும். ஆகவில்லை என்றால் பந்தயம் முடிகிறவரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இப்படி நிற்க ஆரம்பித்துப் பல வருஷமாகியும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வார நாட்களில் அந்த வண்டிக்குச் சொந்தமான பந்தயக் குழுவின் பட்டறையில் தகடு வளைத்து வண்டிக்கு உடம்பு கட்டுவான். கெட்டிக்காரன் என்று பெயர். ஆனால் பட்டறைக்கு வந்தது தகடு வளைப்பதற்காக இல்லை.

வர்ஜீனியா மலைப்பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்தவரின் மகன் அவன். சின்ன வயதில் அப்பாவோடு பார்க்கப் போனது செம்மண் வட்டப்பாதைப் பந்தயம். வண்டிகள் வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கும்போது தெறிக்கிற சேறு, பார்க்கிறவர்கள் கையில் இருக்கும் கோலாவுக்குள் விழும். அப்பா அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார். மீசை சரியாக முளைக்கும் முன்பே ஹாய்ட் அந்தச் செம்மண்ணில் ஜெயிக்கத் தொடங்கிவிட்டான். பிறகு ஊரில் மரச்சாமான் கடை வைத்திருந்த ஒருவர் செலவை ஏற்றுக் கைகொடுக்க, பெரிய பந்தயத் தொடருக்குப் போய் இரண்டு பந்தயம் ஓட்டினான். இரண்டிலும் என்ஜின் போய்விட்டது. அந்த வருஷமே அவர் கடையையும் மூடிவிட்டார். அதற்குள் ஜனெலைக் கட்டிக்கொண்டு, மகளும் பிறந்தாயிற்று. ஓட்டும் ஆசை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அதை வெளியே சொல்வதுதான் நின்றுபோனது.

பந்தயம் தொடங்குமுன் ஒரு பாதிரியார் ஒலிபெருக்கியில் ஜெபம் செய்வார். எல்லோரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று கேட்பார். ஹாய்ட் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்துகொள்வான். ஆமென் சொல்வான். ஆனால் அடிமனதில் வேறொரு வேண்டுதல் ஓடும். மோதல் வேண்டாம், ரத்தம் வேண்டாம், ஒரு சின்னக் காய்ச்சல், லேசாக ஒரு மயக்கம், அது போதும்.

ஒருநாள் இதை ஜனெலிடம் சொல்லிவிட்டான். அவள் பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"அடுத்தவனுக்கு வயித்துப்போக்கு வரணும்னு சர்ச்சுல வேண்டிக்கிட்ட ஒரே ஆளு நீதான்பா."

"சர்ச்சுல இல்ல. ட்ராக்குல."

"ரெண்டும் ஒரே ஆளு காதுலதான் விழுது."

சிரித்து முடித்தபின் அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேலி பேசவில்லை.

வண்டியை ஓட்டிய டால்டன் ரீஸ் கெட்டவனாக இருந்திருந்தாலாவது மனசுக்கு லேசாக இருந்திருக்கும். அவனோ தங்கமான பையன். ஹாய்ட்டைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஹாய்ட் மகளின் பிறந்தநாளுக்கு மறக்காமல் ஏதாவது வாங்கி வருவான். "அண்ணே, அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

லாரல் கேப் என்ற சின்ன வட்டப்பாதை மலைகளுக்கு நடுவே கிண்ணம் மாதிரி இருக்கும். அங்கே ஆகஸ்ட் மாதப் பந்தயம் என்றால் வண்டிக்குள் அடுப்பில் வைத்த மாதிரிதான். அந்த எண்பத்தெட்டாம் வருஷப் பந்தயத்தன்று டால்டன் ட்ரெய்லரிலிருந்து இறங்கும்போதே முகம் மெழுகாக வெளுத்திருந்தது. முந்தைய நாள் சர்ச் விருந்தில் வெயிலில் கிடந்த உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டு தட்டு சாப்பிட்டிருக்கிறான்.

"அண்ணே, ரெடியா?" என்றான், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"நான் என்னைக்குடா ரெடியா இல்லாம இருந்தேன்?"

"இன்னைக்கு உங்களுக்கு வேலை வந்துரும்போல இருக்கு."

ஹாய்ட்டின் நெஞ்சு குதித்தது. குதித்த மறுகணமே கூச்சமாகவும் இருந்தது. பையனுக்குத் தண்ணீர் கொடுத்து, பிடரியில் ஈரத்துணி வைத்துவிட்டான். பையன் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டான். பாசமும் இருந்தது, இல்லாமலில்லை.

தொடங்கும்போது உள்ளே இருக்க வேண்டியவன் டால்டன்தான். பந்தயத்தை எவன் தொடங்குகிறானோ, புள்ளியும் இடமும் அவன் பேரில்தான் எழுதப்படும். நடுவில் ஏறுகிறவனுக்கு எதுவும் கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஹாய்ட்டுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரம் தள்ளாடித் தள்ளாடி ஓட்டினான் டால்டன். பின்னால் யாரோ இருவர் மோதிக்கொள்ள, எல்லோரும் வேகத்தைக் குறைத்து வரிசையாகச் சுற்ற வேண்டும் என்று மஞ்சள் கொடி விழுந்தது. வண்டி பிட்டுக்குள் வந்ததும், பந்தய வண்டிக்குத் திறக்கிற கதவு கிடையாது என்பதால், ஜன்னல் வழியாக அவனை மூட்டையை இழுப்பதுபோல இழுத்து வெளியே போட்டார்கள். அவன் சுவரோரம் மண்டியிட்டு வாந்தியெடுத்தான். ஹாய்ட் அவனைத் தாண்டி ஜன்னலுக்குள் காலைவிட்டான்.

இருக்கை டால்டனின் ஒடிசலான உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. ஹாய்ட்டின் விலாவை இரண்டு பக்கமும் அமுக்கியது. ஸ்டீயரிங் பையனின் வேர்வையில் வழுவழுத்தது. பிட்டைவிட்டு வெளியே வருவதற்குள் ஒரு சுற்று பறிபோய், முன்னணி வண்டிகளைவிட அவ்வளவு பின்தங்கியிருந்தான்.

தொடக்கம் சரியாக இல்லை. இரண்டாவது வளைவில் வண்டி வெளியே போய்ச் சுவரை உரசியது. காதுக்குள் ரேடியோவில் குழுத்தலைவர் மெர்ல் பேங்ஸ்டனின் குரல் வந்தது.

"சுவரு அங்கயேதான் இருக்கும் ஹாய்ட். நீ தொட்டுப் பாக்க வேணாம்."

"இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கு. நானும் பாத்தேன். இப்ப ஓட்டு."

பிறகு கை பழகியது. எங்கே மிதியை விடவேண்டும், எங்கே மறுபடி அழுத்தவேண்டும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து, பின்னால் போயின. தரைத் தகட்டின் சூடு பூட்ஸ் வழியாகக் குதிகாலைச் சுட்டது. அது கூட நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரம் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளன் "டால்டன் ரீஸ்! என்னமா வரான் பாருங்க டால்டன் ரீஸ்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தானாம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜனெல் பக்கத்திலிருந்த பெரியவரிடம், "அது டால்டன் இல்லைங்க. எங்க வீட்டுக்காரரு," என்று சொல்லியிருக்கிறாள். அவர் வேர்க்கடலையை மென்றுகொண்டே, "போர்டுல டால்டன்னுதாம்மா போட்டிருக்கு," என்றாராம்.

மறுபடி மஞ்சள் கொடி. திரும்பத் தொடங்கும்போது முன்னணி வண்டிகள் வெளிப்பக்கம் வரிசையாக நிற்கும். சுற்று இழந்தவை உள்பக்கம் நிற்கும். ஹாய்ட் உள்பக்கத்தில் முதல் ஆள். பக்கத்திலேயே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், முதலிடத்தில் ஓடுகிறவனின் வண்டி.

"அவனை நீ தாண்டினா போன சுத்து திரும்பக் கெடச்சிரும்," என்றார் மெர்ல். "வேற ஒண்ணும் கெடைக்காது. ஆனா முட்டிராத, அவன் எடம் போனா நம்மளக் கொன்னுருவான்."

பச்சைக்கொடி. இரண்டு வண்டிகளும் கதவோடு கதவு ஒட்டியபடி முதல் வளைவுக்குள் போயின. ஹாய்ட் கீழேயே பிடித்தான், மிதியை விடவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நேரம் விடாமல் இருந்தான். வண்டி வழுக்கியது, வழுக்கல் நின்றது, சக்கரம் தரையைப் பிடித்தது. வளைவைவிட்டு வெளியே வந்தபோது பக்கத்துக் கண்ணாடியில் அந்த இன்னொரு வண்டியின் மூக்குத் தெரிந்தது. பின்னால்.

முன்னால் யாரும் இல்லை.

வெறும் சிமெண்டுப் பாதை, மேலே மலை, வெயில். நேர்கோடு முழுவதும் காலியாகக் கிடந்தது. அவன் தோளுக்குப் பின்னால் உலகத்திலேயே நன்றாக ஓட்டுகிறவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், யாராலும் அவனைத் தாண்ட முடியவில்லை. கணக்குப்படி அவன் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரு சுற்று பின்னால்தான், முதலிடத்தில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கண்ணுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லையே.

"ஹாய்ட்," என்று கூப்பிட்டார் மெர்ல். கணக்கை ஞாபகப்படுத்த வாயெடுத்தவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார்.

சில சுற்றுகள் கழித்து வேறொருவன் சுழன்றதில் மஞ்சள் கொடி விழுந்தது. இழந்த சுற்று திரும்பக் கிடைத்துவிட, ஹாய்ட் பாதையைச் சுற்றிவந்து முன்னணி வண்டிகளின் வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டான். அங்கிருந்து ஒவ்வொருவராகப் பிடித்து, பந்தயம் முடியும்போது மூன்றாவதாக வந்தான். டால்டன் ரீஸ், மூன்றாம் இடம் என்று அறிவித்தார்கள்.

டால்டன் மடக்கு நாற்காலியில், கையில் குளுக்கோஸ் ஏற்றும் ஊசியோடு உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சிக்காரன் மைக்கை நீட்டி வாழ்த்துச் சொன்னான்.

"என்னைய ஏன் சார் கேக்கறீங்க? நான் பாதி நேரம் ஆம்புலன்ஸ்ல படுத்துக் கெடந்தேன். அண்ணன் ஓட்டினாரு. அவரைப் போய்க் கேளுங்க."

தேடினார்கள். ஹாய்ட் இன்னும் வண்டிக்குள்ளேயே இருந்தான். ஜன்னலில் மாட்டியிருந்த பாதுகாப்பு வலையைக்கூடக் கழற்றவில்லை. என்ஜின் அணைந்து, சூட்டில் தகடுகள் டிக் டிக்கென்று சத்தமிட்டுக்கொண்டிருந்தன. மெர்ல் குனிந்து எட்டிப்பார்த்தார்.

"என்னடா, காலு எங்கயாவது மாட்டிக்கிச்சா?"

"இல்ல. கொஞ்ச நேரம் இருக்கேனே."

மெர்ல் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கோடு வந்தவனிடம், "அவனுக்கு மூச்சு வாங்குது, அப்புறம் வாங்க," என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் பட்டறைக்கு ஒருவர் வந்தார். இரண்டு பந்தய வண்டிகள் வைத்திருந்த முதலாளி, பல் குத்தும் குச்சியை வாயில் வைத்தபடி பேசுகிறவர். லாரல் கேப்பில் நடந்ததைச் சுவரோரம் நின்று பார்த்திருக்கிறார். அந்த முதல் வளைவைப் பற்றியே வெகுநேரம் பேசினார். ஹாய்ட் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தான்.

"வயசு என்னாச்சு உனக்கு?"

"முப்பத்தொம்பது."

பல்குச்சி வாயின் மறுபக்கம் போனது. "பத்து வருஷத்துக்கு முன்னால எங்கய்யா இருந்த?"

"இங்கயேதான்," என்றான் ஹாய்ட்.

அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

டால்டன் அடுத்த ஞாயிறே குணமாகிவிட்டான். ஹாய்ட் மறுபடி உடுப்பை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றான். முன்பைவிட இப்போது நிற்பது கடினமாக இருந்தது. முன்பு தெரியாத ஒன்றுக்கு ஏங்கினான். இப்போது அது எப்படியிருக்கும் என்று தெரிந்துவிட்டதே. இன்னும் சில பந்தயப் பருவங்கள் நின்று பார்த்தான். யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. பிறகு ஊருக்குத் திரும்பி, கியர்பெட்டி ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்று போட்டான். நன்றாகவே நடந்தது. மகளுக்குக் கல்யாணமும் ஆயிற்று.

ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் பந்தயம் வந்தால் பார்ப்பான். ஆனால் உட்கார மாட்டான். சோபாவுக்குப் பின்னால் நின்றபடி, அதன் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்ப்பான். ஜனெலுக்கு அது பழகிவிட்டது. அப்படி ஒரு ஞாயிறு, விளம்பரம் வந்த நேரத்தில், சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

"லாரல் கேப்புல எல்லாருக்கும் முன்னால போனியே, எவ்வளவு நேரம்ப்பா இருக்கும் அது?"

"ஆறேழு சுத்து இருக்கும்."

"அது எத்தனை பேருக்குக் கெடைக்கும், சொல்லு. போதாதா?"

அவள் ஆறுதலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அதனால் நன்றாக யோசித்துப் பார்த்தான்.

"போதல, ஜனெல்."