கூரையோரத்துக் காப்பு

நாமக்கல் பக்கம் ஈயத்தாது லாரிகள் ஓடிய சாலையோர வீடுகளில் தூசி எடுப்பது ஒரு காலத்தில் என் வேலை. ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சேலத்து ஆய்வகத்தில் கொடுப்பேன். வெயிலும் புழுதியுமான அந்த நாட்களுக்காக இப்போதும் ஏங்குகிறேன்.

ஒரு வீடுதான் என்னைப் படுத்தி எடுத்தது. லாரிகள் குலுங்கித் திரும்பும் வளைவில் இருந்தது அது. அங்கே தவழும் பிள்ளை ஒன்று. கண்டதையும் வாயில் வைக்கும் வயது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் மூளை வளர்ச்சியையே கெடுத்துவிடும். ஆய்வக முடிவோ ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றே வந்தது. நான் வருகிறேன் என்றதும் பிள்ளையின் அம்மா ஜன்னல் முதல் வாசற்படி வரை கழுவிவிடுவாள்.

"தொடைக்காத, தொடைக்காதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேனே!" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"ஊட்டுக்கு ஆள் வாரப்ப தூசியோட எப்படிங்கக்கா வுடறது?" என்றாள்.

கோபமாக வெளியே வந்தவள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். கூரையோரத்தில் காப்பு. பொங்கலுக்கு முந்தி வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துச் செருகும் கொத்து. அடுத்த பொங்கல்வரை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு, ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். வெள்ளைப் பூளை தூசி படிந்து சாம்பல் நிறமாகிக் கிடந்தது.

அந்தக் கொத்தைக் கேட்டதும் அவள் முகம் வாடியது. "நடுவருசத்துல எடுத்தா ஊட்டுக்கு ஆகாதுங்க." இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அவளே உருவித் தந்தாள்.

அந்தக் கொத்தில் ஈயம் அப்பியிருந்தது. பிள்ளையின் ரத்தத்திலும் இருந்தது. அதன் பிறகுதான் லாரிகள் தார்ப்பாய் போர்த்தின, பாதையும் மாறியது. பிள்ளைக்கு வைத்தியம் நடந்தது. அடுத்த பொங்கலுக்கு அவள் இரண்டு கொத்து செருகினாள். "ஒண்ணு ஊட்டுக்கு, ஒண்ணு உங்களுக்குங்க" என்றாள்.

வேலை மாறிப் பல வருடம் கழித்து, போன மாதம் சொல்லாமல் போய் நின்றேன். இரண்டு கொத்தும் இருந்தன, பூளை வெள்ளையாக. பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான்.

"படிப்புத்தான் கொஞ்சம் மெதுவுங்க," என்றாள். "அன்னைக்கு நான் தொடைக்காம இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்கும்," என்றேன். "ஆனா நீ தொடைச்சதாலதான் புள்ள இந்த மட்டும் தப்பிச்சான்."

ஆறுதலுக்காகச் சொன்னதல்ல. அவள் துணியில் போன தூசியெல்லாம் அவன் வாய்க்குப் போகாத தூசி.