கற்பூரத்தில் மின்னிய கண்

என் தங்கையின் இடது கண்ணில் அம்மன் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் சொன்னவர் எங்கள் தோட்டத்துப் பூசாரி. மற்ற நாட்களில் கித்தா என்கிற ரப்பர் காட்டில் புல்லுக்கு மருந்தடிப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து விபூதி பூசிக்கொண்டதும் அவருடைய குரலே மாறிவிடும். ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டிலிருந்து செம்மண் சடக்குப் பாதையில் உள்ளே போனால் வருவது எங்கள் தோட்டம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மூத்தவள் எனக்குப் பதினோரு வயது, தங்கைக்கு இரண்டுகூட நிறையவில்லை.

அன்று கோயிலுக்குள் மங்கலான வெளிச்சம். அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். அம்மனுக்குக் காட்டிய கற்பூரத் தட்டைப் பூசாரி எங்கள் பக்கம் கொண்டுவந்தார். தங்கை சுடரைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது அவளுடைய இடது கண்ணில் கறுப்பாக இருக்க வேண்டிய பாப்பா, இருட்டில் பூனைக்கண் மின்னுகிற மாதிரி வெள்ளையாகப் பளீரென்றது. பூசாரி தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். மறுபடியும் மின்னியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, நடக்கவே சரியாகத் தெரியாத பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"ஆத்தா பாக்குறா! எல்லாரும் கும்பிடுங்க! இது அபூர்வமான புள்ளைலா!"

எல்லோரும் கும்பிட்டார்கள். நானும்தான். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். பால்மரம் வெட்டுகிற சனத்தின் வீட்டுக்குச் சாமி வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அப்பா ரப்பர் ஸ்டோரில் பால் காய்ச்சுகிறவர். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது வேலை வாங்குகிற மண்டோரின் செருப்பைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவர். அந்த வாரத்திலிருந்து தலை நிமிர்ந்து நின்றார். எனக்கே அது பெருமையாக இருந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் லயத்து வரிசை வீட்டில் கண்காட்சிதான். வாழைப்பழம், அவல், பூ என்று கொண்டுவந்து வைப்பார்கள். அம்மா கற்பூரம் ஏற்றித் தங்கையின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். கண் மின்னும். வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அடுத்த லயத்து அக்கா ஒருத்தி, கல்யாணமாகிப் பல வருடம் கழித்து வயிற்றில் பிள்ளை வாங்கியிருந்தாள். அவள் சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு, "தாயி, இங்கிட்டுக் கொஞ்சம் பாரு தாயி" என்று கெஞ்சினாள். தங்கையோ வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் அவள் தலையைப் பிடித்துத் திருப்பி வயிற்றைப் பார்க்க வைத்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், நாக்கில் தேன் கிடையாது. காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனபோது தங்கையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சை அணைக்காமலே அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"கண்ணுக்குள்ளை கட்டி மாதிரி ஏதோ கிடக்குது. நாளைக்கே ஈப்போவுக்குக் கொண்டு போங்கோ."

"ஐயா, அது அம்மன் குடுத்தது" என்றாள் அம்மா.

"அம்மன் தந்ததெண்டால் அம்மனிட்டையே திருப்பிக் குடுங்கோ. பிள்ளை செத்துப் போகும்."

அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வழியெல்லாம் அந்த மனுசன் வாயில் மண் விழ என்று திட்டிக்கொண்டே நடந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது என்று எழுதத்தான் ஆசை. வருகிறது. இன்றைக்கும் வருகிறது. சித்திரைத் திருவிழா போயிற்று, ஆடி போயிற்று, தீபாவளியும் போயிற்று. கண் சிவந்தது, அம்மன் உக்கிரமாக இருக்கிறாள் என்றார் பூசாரி. கண் வீங்கிப் பிதுங்கியது, அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. பிள்ளை சோற்றைத் தள்ளிவிட்டு நாள் முழுக்க முனக ஆரம்பித்த பிறகுதான் அப்பா பூசாரியைக் கேட்காமல் ஈப்போவுக்கு பஸ் ஏறினார். என்னையும் கூட்டிப்போனார்கள். மாற்றித் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில் பேசினாள், கூட இருந்த தமிழ் நர்ஸ் எங்களுக்குச் சொன்னாள். கண்ணுக்குள் புற்று. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது, மிகவும் அபூர்வம். பூசாரி சொன்ன அதே அபூர்வம்தான். கண்ணை எடுத்தால் உயிர் தங்கலாம், எடுக்காவிட்டால் தங்காது. எப்போதிலிருந்து இப்படி மின்னுகிறது என்று டாக்டர் கேட்டாள்.

"ஒரு வருசம் இருக்கும்லா" என்றார் அப்பா.

"இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?"

அம்மா நிமிர்ந்து, "கும்பிட்டோம்" என்றாள். நர்ஸ் அதை மொழிபெயர்க்கவில்லை.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். கட்டுப்போட்ட தலையோடு தங்கை வார்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் காரியம், ஜன்னல் பக்கம் திரும்பிக் கை கூப்பியது. "ஒத்தக் கண்ண எடுத்துக்கிட்டு உசுரக் குடுத்துட்டா. கும்பிடுங்க" என்று எங்களையும் கும்பிட வைத்தாள். நல்லபடியாகப் பிள்ளை வளர்ந்தால் வெள்ளியில் ஒரு ஜோடிக் கண் செய்து போடுகிறேன் என்று தோட்டத்து அம்மனுக்கு அங்கேயே நேர்ந்துகொண்டாள். எங்களைக் கண்ணு, கண்ணு என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். அன்றோடு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து போய்விட்டது.

தோட்டத்துக்குத் திரும்பினோம். வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த லயத்து அக்காவுக்குப் பிள்ளை செத்தே பிறந்திருந்தது. பச்சை உடம்போடு வந்து எங்கள் வாசலில் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றினாள்.

"இந்தக் கொள்ளிக்கண்ணாலதானே என் வயித்தப் பாக்க வச்சீங்க! அவிஞ்சி போச்சில்ல, நல்லா வேணும்!"

சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டியவள் அவள்தான். பழத்தோடு வந்தவர்கள் எல்லாம் இப்போது அவள் பக்கம். ஆயாக்கொட்டகையில் மற்ற பிள்ளைகளோடு தங்கையை விட வேண்டாம் என்று தாய்மார்கள் ஆயாவிடம் சொல்லிவிட்டார்கள். தங்கை சடக்கில் வந்தால் கைப்பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். பூசாரி மட்டும் பழைய மரியாதையோடு அப்பாவிடம் வந்து, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதுக்குண்ணே? அப்பவே ஆத்தாளுக்கு ஒரு கெடா வெட்டியிருக்கணும்" என்றார். அப்பா மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலை பிறகு நிமிரவே இல்லை.

ஈப்போவுக்கு ஓடிவந்தோம். அங்கே புந்தோங் பக்கம் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. அப்பாவுக்கு நகராண்மைக் கழகத்தில் குப்பை லாரி. அம்மாவுக்குக் கச்சாங் பூத்தே என்கிற கடலைப் பலகாரம் வறுக்கிற வீட்டில் வேலை, கடலைமாவு வாசத்தோடு வருவாள். தங்கைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு போலிக் கண் பொருத்தினார்கள். படுக்கப் போகும்போது கழற்றி மங்குக் கிண்ணத்தில் போட்டு வைக்க வேண்டும். அவளுக்கு அது விளையாட்டுச் சாமான். கல்லில் தட்டி, சத்தத்தைக் கேட்டுச் சிரிப்பாள்.

மிச்சமிருந்த வலது கண்ணைக் காப்பாற்றுவதுதான் அப்புறம் எங்கள் வாழ்க்கை. இந்த நோய் சில பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணிலும் வரும், சொன்ன தேதியில் தவறாமல் கொண்டுவாருங்கள், மயக்கம் கொடுத்துக் கண்ணுக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். சில தடவை போனோம். மயக்க மருந்துக்குத் தங்கை கதறுவதை அம்மாவால் தாங்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. நோயை முதலில் காட்டிக் கொடுத்தது கற்பூரம்தானே?

தினமும் விளக்கு வைத்ததும் அம்மன் படத்துக்குக் கற்பூரம் காட்டுவாள். பிறகு அதே தட்டைத் தங்கையின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். தங்கை பழகிப்போய்த் தானே முகத்தை நிமிர்த்தி, கண் கொட்டாமல் அசையாமல் நிற்பாள். அம்மா குனிந்து இப்படியும் அப்படியும் பார்ப்பாள். கண் கறுப்பாகத்தான் இருக்கும். "தாயே, காப்பாத்திட்டே" என்று அம்மா உருகிப்போய் எங்கள் நெற்றியில் விபூதியை அப்புவாள். நாங்களும் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போவோம். ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. கற்பூரம் பொய் சொல்லாது என்றாள். அப்பாவும் சரி என்றார். அந்த நாட்களில் எங்கள் வீட்டைப் போல நன்றி நிறைந்த வீடு புந்தோங்கில் வேறு இருந்திருக்காது.

தங்கைக்கு அம்மா ஒரு கதை சொல்லி வைத்திருந்தாள். முன்னே உன் கண்ணில் சாமி இருந்தது, தோட்டமே வந்து கும்பிட்டது, பழமெல்லாம் கொடுத்தார்கள் என்று. பாவி, ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதனால் தங்கைக்கு அது மறுபடி மின்ன வேண்டும் என்று ஆசை. தினமும் தட்டுக்கு முன்னால் நின்று, "மின்னுதாம்மா?" என்று கேட்பாள். இல்லை என்றால் உதட்டைப் பிதுக்குவாள்.

நாலு வயது முடியும் சமயத்தில் ஒருநாள் சாயங்காலம் அது மின்னியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வலது கண்ணில், ஓரமாக, ஒரு வெள்ளை.

"மின்னுதாம்மா?"

"இல்லடி" என்றாள் அம்மா. தட்டைச் சட்டென்று இறக்கிக் கீழே வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் அதே சீன டாக்டர். மயக்கம் கொடுத்துக் கண்ணைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். வெளியே மின்னுகிற அளவுக்கு வந்துவிட்டால் கண்ணைக் காப்பாற்ற முடியாது. மின்னுவதற்கு முன்னால் பிடிப்பதற்காகத்தான் வரச்சொன்னேன். கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஆக, நாங்கள் கை கூப்பிய அத்தனை சாயங்காலமும் நோய் உள்ளே வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்தக் கண்ணையும் எடுத்தார்கள். உயிருக்கு இனி பயமில்லை என்றார்கள். அம்மா மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குமா கும்பிடப் போறே?" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கும்பிட்டாள். தங்கை கட்டிலில் உட்கார்ந்து, "அக்கா, யாரு அடிச்சா? ஏன் இன்னும் விடியல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறாள், சொன்ன வாக்கை மீறக் கூடாது என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். ஈப்போவில் பத்தரிடம் சொல்லி ஒரு ஜோடி வெள்ளிக் கண் செய்தாள். எண்பது பிறந்த பிறகு ஒரு சித்திரைத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்துக்குப் போனோம். பாதிக் கித்தாமரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருந்தார்கள். அடுத்த லயத்து அக்கா எங்களைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் நகர்ந்துபோனாள். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது.

பூசாரி இளைத்திருந்தார். வெள்ளிக் கண்களை வாங்கி, வழக்கப்படி முதலில் தங்கையின் கண்களில் ஒற்றினார். தங்கை சட்டென்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். விரலால் தடவினாள், நகத்தால் தட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்.

"யாருக்கும்மா இது?"

"அம்மனுக்கு."

தங்கை கொஞ்சம் யோசித்தாள். "அம்மனுக்கும் கண்ண நோண்டி எடுத்துட்டாங்களா?"

பூசாரி பல்லைக் கடித்தார். ஆஸ்பத்திரியில் என்னை அறைந்த அம்மாவின் கை தங்கைக்கும் விழப்போகிறது என்று நான் முன்னால் போனேன். அம்மா கையை ஓங்கவில்லை.

"ஆமாடி. அவளுக்கும் ஒண்ணும் தெரியாது" என்றாள்.

பூசாரி அவசர அவசரமாக வெள்ளிக் கண்களை அம்மன் முகத்தில் பதித்துவிட்டு, கற்பூரம் காட்டி, தட்டை எங்கள் பக்கம் கொண்டுவந்தார். சூடு பட்டதும் தங்கை பழக்கதோஷத்தில் முகத்தை நிமிர்த்தினாள். இரண்டு போலிக் கண்களையும் நன்றாகத் திறந்துகொண்டு, அம்மா குனிந்து பார்ப்பதற்காக அசையாமல் நின்றாள்.

அம்மா குனிந்தாள். தட்டிலிருந்த கற்பூரத்தை ஊதி அணைத்தாள். "வா, வீட்டுக்குப் போலாம்" என்று அவளைத் தூக்கிக்கொண்டாள்.