துரத்தப்படாதவன்

இங்கே குவைத்தில் குடிதண்ணீர் படகில் வருகிறது. பஸ்ரா ஆற்றில் மொண்டு பாய்மரப் படகில் கொண்டுவந்து, கழுதை முதுகில் ஏற்றித் தெருத்தெருவாக விற்கிறார்கள். வந்த புதிதில் சிரித்தேன். பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் காலை அளைந்துகொண்டே பள்ளிக்கூடம் போன சின்னமனூர்க்காரன் வேறு என்ன செய்வான்? இப்போது முகம் கழுவிய தண்ணீரைப் பிடித்துவைத்துக் கால் கழுவுகிறேன். பட்டாளத்தில் கற்ற மெக்கானிக் தொழில் என்னை இங்கே ஒரு லாரிப் பட்டறையில் சேர்த்திருக்கிறது. தங்குவது கூடாரத்தில்.

அந்தக் கூடாரத்துக்குப் போன வருஷம் யூசுப் வந்தான். பாலஸ்தீனத்தில் யாஃபா பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமம். சண்டையில் ஊரே வெளியேறி, பெண்டாட்டி பிள்ளைகள் அம்மான் பக்கம் அகதி முகாமில் கிடந்தார்கள். குமாஸ்தாவாக இருந்தவன், இங்கிலீஷ் தெரியும். நான் இந்தியா என்றதும், "உன்னையும் துரத்திவிட்டார்களா?" என்று கேட்டான். பிரிவினையின்போது பஞ்சாபில் நடந்ததையெல்லாம் பத்திரிகையில் படித்திருக்கிறான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்துவிட்டான். நானும் தின்றேன். அன்றிலிருந்து நான் அவனுக்கு 'அகூய்', அதாவது சகோதரன். அவன் ஊர்க்காரர்களும் என்னைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் பாலைவனத்தில் அந்த அன்பை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் என்னைத் துரத்தியது ஒரு காதுகுத்து. அக்காள் மகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் நான். பட்டாளத்தில் லீவு வாங்கி மதுரையிலிருந்து பஸ் ஏறினேன். கரி வாயுவில் ஓடும் யுத்தகாலத்து பஸ், ஆண்டிபட்டிக் கணவாயில் படுத்துவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸில் எல்லோரும் ஏறிப்போனார்கள். நான் மட்டும், எனக்குத் தெரியாத எஞ்சினா என்று சட்டையைக் கழற்றிவிட்டு அதற்கு வைத்தியம் பார்த்தேன். வீடு சேர்ந்தபோது பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள்.

"நல்ல நேரம் போகுதுன்னு பெரியவுக சொன்னாக. நா என்ன செய்ய?" என்றாள் அக்கா.

சீர்த்தட்டை அங்கேயே வைத்துவிட்டு, கை நனைக்காமல் வெளியேறினேன். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று கத்திவிட்டு வேறு வந்தேன். யுத்தம் முடிந்து பட்டாளத்தை விட்டதும் ஊருக்குப் போகாமல் நேரே இங்கே வந்துவிட்டேன்.

சென்ற கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, கூடாரத்தில் பெரிய வாக்குவாதம். திரும்ப விரும்புகிறவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பலாம், மற்றவர்களுக்கு நஷ்டஈடு என்று உலக நாடுகளின் சபை சொல்லியிருந்ததாம். யூசுப்தான் எனக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தான். பிள்ளைகள் பசியாற வேண்டும், கொடுப்பதை வாங்குவோம் என்றார் அவன் ஊர்த் தச்சர். வாங்கினால் விற்றதாகிவிடும் என்றான் யூசுப். நம் வீடுகளில் இப்போது குடியிருப்பவர்களும் எங்கிருந்தோ துரத்தப்பட்டவர்கள்தானே என்று யாரோ கேட்க, அதற்காக என் வீடு என் வீடில்லாமல் போகுமா என்று இவன் சீறினான். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ சொல், அகூய். உன் வீட்டுக்குப் பணம் கொடுத்தால் வாங்குவாயா?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "யூசுப், என்னை யாரும் துரத்தவில்லை. ஒரு காதுகுத்தில் கோபித்துக்கொண்டு நானே வந்துவிட்டேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. காதுமடலைப் பிடித்து, விரலால் குத்திக் காட்டினேன். அதைப் பார்த்த தச்சர், "காதையா அறுத்தார்கள்?" என்று அரபியில் பதறினார். என்னை யாரும் துரத்தவில்லை என்பது யூசுப்புக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "பணம் வேண்டாமாம். ஊருக்குத்தான் போக வேண்டுமாம்" என்றான். அவ்வளவு அரபி எனக்குத் தெரியும். தச்சர் எழுந்து வந்து என் நெற்றியில் முத்தமிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாளிலிருந்து யூசுப் என்னை 'மிஸ்டர்' என்றான். மரியாதை குறையவில்லை, ரொட்டியும் வந்தது. அந்த 'மிஸ்டர்'தான் தொண்டையில் சிக்கியது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினேன்.

சின்னமனூரில் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடலில் வந்த நாளெல்லாம் மன்னிப்பு வாசகத்தை உருப்போட்டு வந்திருந்தேன். "ஏலே, வந்துட்டியா? கையக் கழுவிட்டு உக்காரு, சோறு போடுறேன்" என்றாள். அவ்வளவுதான். கதவோரம் நின்ற சின்னப்பெண், "யாரும்மா வந்திருக்காக?" என்று கேட்டாள். காதில் தோடு மின்னியது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

திரும்பி வந்து பெட்டியை இறக்கியதும் யூசுப் எழுந்து உட்கார்ந்தான்.

"மிஸ்டர், ஊருக்குள் நுழைய யாரிடம் அனுமதி கேட்டாய்?"

"யாரிடமும் கேட்கவில்லை."

"வாசலில் நின்றாயா?"

"இல்லை. நேரே உள்ளே போனேன். உட்கார்ந்து சாப்பிட்டேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "இன்னொரு தடவை சொல்" என்றான்.

என் ஊரைச் சொல்கிறேனா அவன் ஊரைச் சொல்கிறேனா என்று தெரியாமல், முதலிலிருந்து சொன்னேன்.