ஹாம்பர்க் படங்களை எடுத்த ஆள்

மகள் ஹாம்பர்க்கிலிருந்து போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். துறைமுகம், சுற்றுலாப் படகு, குளிரில் சிவந்த மூக்கு. ‘அம்மா நிண்ட இடம்!’ என்று கீழே எழுதியிருந்தாள். நல்ல படம்தான். எனக்கு வயிறு எரிந்தது. எண்பது வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள். இந்த எரிச்சலுக்கே ஐம்பது வயதாகிறது.

எழுபதுகளின் நடுவில், கலியாணமான கையோடு மெல்பேணுக்கு வந்தோம். மனைவியின் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தது சேலை இல்லை, ஒரு ஆல்பம். யாழ்ப்பாணத்திலிருந்து தாதிப் படிப்புக்காக ஹாம்பர்க் போய் மூன்று வருடம் இருந்தவள் அவள். லீவு கிடைத்தால் ஊர் சுற்றல்தான். செங்கல் பண்டகசாலைகளுக்கு நடுவே படகு. ரயிலேறினால் லூபெக், அங்கே சாய்ந்து நிற்கும் இரட்டைக் கோபுர வாசல், பாதாம் இனிப்பு. மெல்பேணில் நோபிள் பார்க் வீட்டுக் குசினியில் மீன் பொரிக்கும்போதெல்லாம், “அங்கை ஞாயிறு விடியவே மீன் சந்தை கூடும்” என்று தொடங்குவாள். நான் அதுவரை பார்த்த பெரிய துறைமுகம் கொழும்பு, அதுவும் பஸ் ஜன்னலால்.

ஆனால் என் பொறாமை ஊர்மேல் இல்லை. எல்லாப் படத்திலும் அவள் தனியாக நின்றாள். எல்லாவற்றிலும் வாய் நிறையச் சிரித்தாள். அப்படியானால் எடுத்தது யார்? கேட்டால் சின்னத்தனம், கேட்காவிட்டால் நித்திரை இல்லை. ஒரு படத்தில் எடுத்த ஆளின் நிழல் அவள் காலடிவரை நீண்டிருந்தது. தொப்பி போட்ட நிழல். ஆணா பெண்ணா என்று பார்க்க நான் பூதக்கண்ணாடி வாங்கியதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

பிறகு கமெராவும் வாங்கினேன். துறைமுகம்தானே அவளுக்கு வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியம்ஸ்டவுனுக்கு அழைத்துப் போனேன். “இஞ்சாலை திரும்பும். கப்பல் தெரிய நில்லும். சிரியுமப்பா!” பல் வைத்தியரிடம் வந்தவள் மாதிரி வாயைத் திறந்தாள். அப்படியே படமாக எடுத்துத் தள்ளினேன். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

“ஹாம்பர்க்கிலை மட்டும் நல்லாச் சிரிச்சிருக்கிறீர். உந்தப் படமெல்லாம் ஆர் எடுத்தது?”

“அட கடவுளே! உதையோ இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?”

சிரித்தாள் பாருங்கள்! படகுத்துறைப் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அதே சிரிப்பு. இந்தமுறை என்னைப் பார்த்து. பதறிப்போய்க் கமெராவைத் தூக்கினேன். படச்சுருளைச் சுற்றும் லீவர் நகரவில்லை. இருபத்துநாலு படமும் முடிந்துவிட்டது.

“சொல்லுமன், ஆர்?”

“சொல்லமாட்டன். கொஞ்சம் எரியட்டும்.”

வீம்பு பிடித்தவன் நான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அவளும் அப்படிச் சிரிக்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

படம் கழுவக் கொடுத்த மருந்துக்கடை போய்விட்டது. படச்சுருளைக் காட்டினால் பேரன் இது என்ன சாமான் என்கிறான். அவளும் இல்லை, நாலு வருடமாகிறது. செத்தவீட்டில் வைக்க ஒரு படம் தேடினோம். நான் எடுத்தவை பதினாலு ஆல்பம். மகள் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, “ஐ ஆம் சொறி, அப்பா” என்று ஹாம்பர்க் ஆல்பத்தை எடுத்தாள். மாலைக்குள்ளிருந்து அவள் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வந்திருந்த ஒருவர் என் கையைப் பிடித்து, “என்ன வடிவான சிரிப்பண்ணை. ஆர் எடுத்த படம்?” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றேன்.