கோமதிக்குச் செய்த சத்தியம்

எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நானும் கோமதியும் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனோம். எங்கள் வரிசை வீடுகளில் பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்கும் வழக்கமில்லை. ஆளுக்கொரு சின்னக் கத்தரியோடு தரையில் உட்கார்ந்து, தைத்து விழும் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்ட வேண்டும்.

கோமதியின் அம்மா அந்தத் தை மாதம்தான் காய்ச்சலில் இறந்திருந்தார். அப்பாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் சோறாக்கி வைத்துவிட்டுத்தான் அவள் வேலைக்கு வருவாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வீட்டைத் தூக்கி நிறுத்திவிட்டாள் என்று தெருவே மெச்சியது. என்னைத் திட்டும்போதெல்லாம் அம்மா அவளைத்தான் காட்டுவார்.

சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அவள் மட்டும் தன் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பாள். ஒரு மதியம் தண்ணீர்த் தொட்டியருகே டிபன் பாக்ஸ் கழுவும்போது சட்டைக்கை மேலே ஏறிவிட்டது. முன்கையில் ஆறியதும் ஆறாததுமாகக் காயங்கள். கத்தரி பட்டுவிட்டது என்றாள். நானும் அதே போன்ற கத்தரியைத்தான் ஒரு மாதமாகப் பிடிக்கிறேன். எனக்கு விரல்தான் கொப்பளித்திருந்தது. நான் பார்வையை எடுக்காததைக் கண்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆருகிட்டயும் சொல்லீராத. சொன்னீன்னா நாஞ் செத்துப் போயிருவேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்றிலிருந்து பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் கழிப்பறைக்குப் போனால் வெளியே நின்று மனதுக்குள் எண்ணுவேன். அறுபதைத் தாண்டினால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கூப்பிடுவேன். வேலை முடிந்ததும் அவள் கத்தரியை நானே வாங்கி சூப்பர்வைசரிடம் ஒப்படைப்பேன். வீட்டில் அரிவாள்மனை இருக்கும் என்பது படுத்த பிறகுதான் நினைவுக்கு வரும்.

ஒரு நாள் காலை அவள் வீட்டில் அடுப்புப் புகை வரவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். சத்தமில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் ரேஷன் கடையிலிருந்து மண்ணெண்ணெய் கேனோடு வந்தவள், எதற்கு அழுகிறாய் என்று கேட்டாள்.

அன்றே சித்தியிடம் சொல்லிவிட்டேன். அம்மாவின் தங்கை, அதே கம்பெனியில் டெய்லர். சொன்னாலும் செத்துவிடுவாள், சொல்லாவிட்டாலும் செத்துவிடுவாள் என்று நான் தேம்ப, சித்தி மெஷினை நிறுத்தினார். கோமதியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிக்குதா கண்ணு?"

கோமதி குனிந்தபடியே நூலை வெட்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டும் சித்தி எழவில்லை. சாயங்காலம் அவள் அப்பாவிடம் போய்ப் பேசினார். மறுநாள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிறகு வாரம் தவறாமல் சித்தியே அவளை டாக்டரிடம் கூட்டிப் போனார். அவள் அப்பா சோறாக்கப் பழகினார். தம்பிகள் அதைச் சகித்துக்கொள்ளப் பழகினார்கள்.

என்னோடு மட்டும் கோமதி பேசவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் பேசினாள். இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம், அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அதற்கு முன்பே ஒரு முறை, பள்ளிக்கூடம் திறந்த வாரம், தெருக்குழாயில் அத்தனை பேர் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள். துரோகி என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். கடைசியில், "எங்கம்மா இருந்திருந்தா உங்கிட்ட எதுக்குடி சத்தியம் கேக்கப் போறேன்?" என்று கேட்டவள், ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து பெருங்குரலெடுத்து அழுதாள். சத்தியத்தை மீறியதற்கு இதோ என் கண்முன்னாலேயே சாகப்போகிறாள் என்று நடுங்கி, சித்தியிடம் ஓடினேன்.

சித்தி வாசலில் நின்று அந்த அழுகையைக் கேட்டார். கண் நிறைந்திருந்தது. ஆனால் ஒரு மாதமாக இறுகிக் கிடந்த முகம் தெளிந்திருந்தது.

"அழுவட்டும் கண்ணு. நல்லா அழுவட்டும்."

என் தோழி அப்படிக் கதறுவதில் சித்திக்கு என்ன நிம்மதி என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.