ஒத்திகையில் இல்லாத கேள்வி

மகளுக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தபோது நம் பட்டிமன்ற வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. கோவில்பட்டியில் ராஜி அக்கா இறந்துவிட்டார். இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மகளின் மூச்சைக் கவனிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

இங்கே வளைகுடாவில், குதைபியாவில் நடக்கும் நம் வெள்ளிக்கிழமைப் பட்டிமன்றத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை. மேடையில் எப்போதும் எனக்கு எதிரணி. ஆனால் வியாழக்கிழமையே போனில் பேசி வைத்துக்கொள்வோம். "நான் அரசாங்கம் போட்ட ரோட்டைச் சொல்லுவேன். நீ ஊர்க் குண்டும் குழியும் சொல்லி மடக்கு. கைதட்டல் உனக்கு, கடைசிச் சிரிப்பு எனக்கு" என்பார். உங்களுக்குத் தெரியாத ஒப்பந்தம் அது.

பக்கத்து நாடான ஓமானில் வருமான வரி வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட சமயம், வாழ்வுக்குத் துணை வரியில்லாச் சம்பளமா, வரிப்பணத்தில் நடக்கும் பொதுச் சேவையா என்று தலைப்பு வைத்தோம். நான் சம்பளம், அக்கா சேவை. கூட்டம் முழுக்க என் பக்கம். அக்கா எழுந்ததுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "வரி கட்ட ஆசைன்னா ஊருக்கே போங்கக்கா, ஃபிளைட் ஏத்தி விடுறோம்!"

"ஜன்னல் சீட்டா பாத்துப் போடுங்க தம்பி" என்றார் அக்கா. அரங்கம் சிரித்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, பேசி வைக்காத ஒன்றைக் கேட்டார். "நாளைக்கு வேலை போனா இன்சூரன்ஸும் போயிரும். அப்ப நோயாளியை எந்த வாசல்ல கொண்டுபோய் நிறுத்துவ?"

என் கணவரின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு மூச்சிரைப்பு. இரண்டையும் அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மைக்கை மேசையில் வைத்தேன். நடுவர் மணியடித்து உட்கார வைத்தார்.

பந்தியில் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "என் வீட்டுப் பயத்தை மேடையில ஏலம் போட்டுட்டீங்களே!" என்றேன்.

"உன்னைக் கேக்கலடி."

நான் நம்பவில்லை. சாப்பிடாமலே கிளம்பினேன்.

அவர் ஊருக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. மார்பில் கட்டி. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. அந்த நோயாளி அவரேதான்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து குரல்பதிவு அனுப்பினார். "முதல்ல வராண்டாவுல பாய். இப்பக் கட்டில் கிடைச்சிருச்சு. டாக்டரம்மா எரிஞ்சு விழுறா, ஆனா ஊசி தவறாமப் போடுறா. இத்தனை வருஷச் சம்பளத்துல நான் இங்க வருமான வரின்னு ஒரு பைசா கட்டினதில்ல. பக்கத்துக் கட்டில்காரி சோப்பும் தீப்பெட்டியும் வாங்கினாள்ல, அதுல பிடிச்ச காசுலதான் எனக்கு ஊசி. வெக்கமாத்தாண்டி இருக்கு."

"அப்ப நீங்க ஜெயிச்சிட்டீங்கக்கா" என்று அனுப்பினேன்.

"யார் சொன்னா? அந்தச் சம்பளத்துலதான் எம்மவன் இன்ஜினீயர் ஆனான். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாத."

இந்த வெள்ளிக்கிழமை அக்கா நினைவாக அதே தலைப்பு என்கிறீர்கள். அவர் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்கிறீர்கள். கணவரின் கம்பெனியில் அடுத்து யார் யார் என்பது இந்த மாதக் கடைசியில் தெரியும். மகள் இப்போதுதான் இரைப்பு அடங்கித் தூங்குகிறாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். வெள்ளிக்கிழமை அதைத்தான் கேட்கப்போகிறேன். எங்கள் வழக்கப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பதிலோடு வாருங்கள். எனக்கு அந்தப் பதில் வேண்டும், மேடைக்காக அல்ல.